குழந்தைங்க துணிச் செலவை எப்படிக் குறைச்சீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பவானி அம்மா:
எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு மூணு. போன வாரம் பீரோவோட கீழ்த்தட்டை ஒழிச்சப்போ, விலை அட்டை கூடப் பிரிக்காத நெட் ஃப்ராக் மூணு கிடைச்சது. அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது ஆடித் தள்ளுபடியில எடுத்தது. "வளர்ற புள்ள, பெரிசாவே எடும்மா"ன்னு அத்தை சொன்னாங்க. நானும் ரெண்டு சைஸ் பெரிசா எடுத்துட்டேன். அந்தத் தீபாவளிக்குப் போட்டுப் பார்த்தா தோள் நழுவுது. மறு வருஷம் நெட்டு குத்துதுன்னு ஒரே அழுகை. இப்ப கையே ஏறல. மூணும் சேர்த்து 2,100 ரூபாய். தள்ளுபடின்னு நினைச்சுத்தான் எடுத்தேன், ஆனா மொத்தப் பணமும் பீரோவுக்குள்ளயே கெடந்திருக்கு. ரெண்டு நாள் மனசே சரியில்ல.

இப்ப பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கேன். ஆளுக்கு வீட்டுக்கு ஆறு செட், வெளிய போக மூணு, விசேஷத்துக்கு ஒண்ணு. என்ன இருக்கு, எது பத்தாம போச்சுன்னு அதுல பென்சில்ல எழுதி வெச்சுட்டுத்தான் கடைக்குக் கிளம்பறது.

ஜட்டி, பனியன், ஸ்லிப்புக்கு ஈரோடு ஜவுளிச் சந்தைதான். கனி மார்க்கெட்ல திங்கக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரைக்கும் நடக்கும். மொத்த வியாபாரிங்க வர்ற இடம், டஜனா எடுத்தாத்தான் விலை இறங்கும். நானும் நாத்தனாரும் சேர்ந்து டஜன் எடுத்து ஆளுக்குப் பாதி பிரிச்சுக்குவோம். நீங்க எல்லாம் என்ன பண்றீங்க? பட்ட அனுபவத்தைச் சொல்லுங்க.

செக்கிங் அக்கா, திருப்பூர்:
பவானி அம்மா, உங்க ஃப்ராக் கதை எங்க வீட்லயும் நடந்ததுதான். நான் பனியன் கம்பெனியில பதினோரு வருஷம் செக்கிங்ல இருந்தேனுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.

வெளிநாட்டு ஆர்டருக்குக் கட்டிங் போடும்போது, டேமேஜ் ஆகும்னு கொஞ்சம் கூடுதலாவே வெட்டுவாங்க. டேமேஜ் கம்மியா இருந்தா நல்ல பீஸே மிஞ்சும், அதுதான் சர்ப்ளஸ். நாங்க குறை கண்டுபிடிச்சு ஒதுக்குனது செகண்ட்ஸ். ரெண்டும் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற காதர்பேட்டைக்கு வரும். கடையில ரெண்டையும் கலந்தே போட்டிருப்பாங்க. பிரிச்சு எடுக்கத் தெரிஞ்சா நல்ல துணி கிடைக்கும்.

முதல்ல டி-ஷர்ட்டை வெளிச்சத்துக்கு எதிரா விரிச்சுப் பிடிங்க. ஊசி ஓட்டை பொட்டு மாதிரி தெரியும். பொட்டுதானேன்னு விட்டுட்டா, நாலு துவைப்புல அந்த இடத்துல இழை அறுந்து ஓடிடும். அப்புறம் கழுத்து ரிப்பை, அதான் கழுத்தைச் சுத்தி இருக்கற இழுபடற பட்டியை, இழுத்து விடுங்க, உடனே பழையபடி சேரணும். சேராம நெளிஞ்சு நின்னா வேண்டாம். கடைசியா, ரெண்டு தோளையும் ஒண்ணா சேர்த்துப் பிடிச்சுத் தொங்க விட்டு, பக்கத் தையலைப் பாருங்க. கீழ போகப் போக முன்பக்கமா திரும்பியிருந்தா அந்தத் துணி முறுக்குற துணி. துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். சாதாரண டி-ஷர்ட்டுக்குப் போடற மெல்லிசான சிங்கிள் ஜெர்சித் துணியில இது நிறைய வரும். இன்டர்லாக் துணியில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கொஞ்சம் தடிப்பு, குழந்தைங்களுக்கு நல்லா உழைக்கும். எண்ணெய்க் கறை மட்டும்தான் குறைன்னா நான் தைரியமா எடுத்துடுவேன்.

சைஸ் விஷயத்துல ஒண்ணு. ஐரோப்பா ஆர்டர் பீஸ்ல 92, 98, 104, 110, 116ன்னு போட்டிருக்கும். நிறைய பேர் அதை ஏதோ கம்பெனி நம்பர்னு நினைச்சுக்கறாங்க. அது குழந்தையோட உயரம், சென்டிமீட்டர்ல. வயசைச் சொல்லி வாங்கறதை விடுங்க. புள்ளையைச் செவுத்துல சாய்ச்சு நிக்க வெச்சு, பென்சில்ல கோடு போட்டு டேப்பால அளந்துட்டு வாங்க. 95 வந்தா 98 எடுங்க, போதும். நாலு வயசுக்கு மேல வருஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர்தான் வளருவாங்க. ஒரு சைஸ் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தாங்கும். ஆனா முதல் வருஷத்துல கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் வளர்ந்துடும். அதனால கைக்குழந்தைக்கு மட்டும் அடுக்கி வெக்காதீங்க, ஜப்லா ரெண்டு மாசம்கூட வராது.

பில்லிங்ல இருக்கேன்:
சுருக்கமா ஒண்ணு. அட்டையில இருக்கற எம்.ஆர்.பி.யில எல்லா வரியும் அடங்கியிருக்கு. அதுக்கு மேல "ஜி.எஸ்.டி. தனி"ன்னு யாராவது கேட்டா கொடுக்க வேண்டியதில்ல. 2025 செப்டம்பர் 22ல இருந்து 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரெடிமேடுக்கு 5 சதவீத வரிதான். முன்னாடி 1,000 ரூபாய் தாண்டினாலே 12 போட்டாங்க.

திண்டுக்கல் அப்பா:
எங்க வீட்ல செலவு குறைஞ்சதுக்கு முக்கியக் காரணம் எங்க அக்கா பையன் துணிதான். ரெண்டு வயசு பெரியவன், வளர்ந்ததும் அக்கா துவைச்சு மடிச்சு அனுப்பிடுவாங்க. அதுல எனக்கு எந்தக் கூச்சமும் இல்ல. பிறந்த குழந்தைக்கு முதல் துணியே நம்ம பக்கம் பழைய துணிதானே? என் பையனைப் பழைய வேட்டித் துணியிலதான் சுத்திக் கொடுத்தாங்க. தொட்டிலும் எங்க அம்மாவோட நூல் சேலை. நல்லா வளர்ந்த புள்ளை போட்ட சட்டையைக் கேட்டு வாங்கி, அதைத்தான் எங்க ஆச்சி முதல்ல போட்டு விட்டாங்க.

ஆனா போன வருஷம் ஒரு காதுகுத்துல, எல்லாரும் பந்தியில உக்காந்திருக்கும்போது, சொந்தக்காரங்க ஒருத்தர் சத்தமா, "இது நம்ம பெரியவன் சட்டைல்ல?"ன்னு கேட்டுட்டாங்க. தப்பா நினைச்சுக் கேக்கல. என் பையனுக்கு ஆறு வயசு. சாப்பிடாம சட்டை பட்டனையே திருகிக்கிட்டு இருந்தான். வீட்டுக்கு வந்ததும் கழட்டி மூலையில போட்டுட்டு, "எனக்குன்னு ஒண்ணுகூட இல்லையாப்பா?"ன்னு கேட்டான். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. எத்தனை ரூபாய் மிச்சம்னு நான் கணக்குப் பார்த்துட்டு இருந்திருக்கேன், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

இப்ப அக்கா பை அனுப்பினா, அவன்தான் பிரிப்பான். பிடிச்சதை எடுத்துக்குவான், பிடிக்காததை நான் வற்புறுத்த மாட்டேன். பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் அவன் கையால கடையில தேர்ந்தெடுத்த புதுச் சட்டை. விசேஷத்துக்குப் போறதுன்னா அதுதான். செலவு கொஞ்சம் கூடியிருக்கு, கூடட்டும்.

தையக்கார ஆச்சி பேத்தி:
அண்ணா, படிச்சு கண்ணு கலங்கிடுச்சு.

நான் வீட்லயே தைக்கிறேன். பாவாடை தைக்கக் கொடுக்கறவங்க, கீழ ரெண்டு மூணு டக், அதாவது பின்னாடி பிரிச்சு விடற மாதிரி மடிச்சுத் தைக்கற மடிப்பு, வெச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு விரக்கடை அகலம் இருக்கணும். சட்டையில பக்கத் தையல்ல ஒரு இஞ்ச் உள்ள பிடிச்சு விடச் சொல்லுங்க. துணி கொஞ்சம்தான் கூட ஆகும். என் பொண்ணோட மாம்பழக் கலர் பாவாடையில வருஷத்துக்கு ஒரு டக் பிரிச்சேன். பிரிச்ச இடம் வெயில் படாததால பளிச்சுன்னு கோடா தெரியும். அந்தக் கோட்டு மேலயே சின்னதா ஜரிகை பார்டர் வெச்சுத் தைச்சேன், இது புதுப் பாவாடையான்னு கேட்டாங்க. நாலு வருஷம் வந்துச்சு.

பவானி அக்கா, அந்த நெட் ஃப்ராக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க. குத்தறது உள்ள இருக்கற மடிப்பும் இடுப்புத் தையலும்தான். பழைய வேட்டியோ மல் துணியோ வெட்டி இடுப்புல இருந்து லைனிங் கொடுத்துட்டா உடம்புல படாது. கையில தைச்சாக்கூட ஒரு மணி நேர வேலை.

இன்னொண்ணு, சாம்பார் கறை பட்டுட்டா சோப்பு போட்டதும் செவப்பாகுதேன்னு பயப்படாதீங்க. மஞ்சளுக்கு அப்படித்தான். அலசிட்டு ஈரத்தோட நல்ல வெயில்ல ரெண்டு நாள் காயப் போடுங்க, வெளுத்துடும். வாழைக்கறைக்கு மட்டும் எனக்குத் தெரிஞ்சு வழி இல்ல.

அரசுப் பள்ளி அம்மா:
சத்துணவுல பேர் இருக்கற, எட்டாவது வரைக்கும் படிக்கற புள்ளைங்களுக்கு வருஷத்துக்கு நாலு செட் சீருடை இலவசம். என் ரெண்டு பசங்களுக்கும் வருது, அது பெரிய நிம்மதி. லூசா இருந்தா கீழ மடிச்சு அடிச்சுக்குவேன், மறு வருஷம் பிரிச்சு விடுவேன்.

பவானி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. செக்கிங் அக்கா சொன்னபடி காலையில ரெண்டு பேரையும் செவுத்துல நிக்க வெச்சு அளந்தேன். சின்னவன் 96, பெரியவ 121. வீட்ல அவனுக்கு 98ன்னு போட்ட பேன்ட் நாலு இருக்கு, நான் ஏதோ கம்பெனி நம்பர்னு நினைச்சு வெளிய எடுத்ததே இல்ல. அதனால இந்தத் தீபாவளிக்கு அவனுக்குப் பேன்ட் எடுக்கப் போறதில்ல, 98ல சட்டை மட்டும்.

ஃப்ராக் மூணுல ரோஸ் கலருக்கு நேத்து ராத்திரி லைனிங் வெச்சேன், மாமாவோட பழைய வேட்டியில. கீழ் வீட்டுப் பாப்பாவுக்கு அஞ்சு வயசு, அளவு சரியா இருந்துச்சு. திண்டுக்கல் அண்ணா எழுதினது ஞாபகத்துல இருந்ததால, மூணையும் கட்டில்ல விரிச்சு வெச்சு அவளையே பார்க்கச் சொன்னேன். ரோஸை எடுத்துட்டா. மஞ்சளை இன்னிக்கு ராத்திரி தைக்கணும். நீலம் வேண்டாம்னு சொல்லிட்டா, அஞ்சு வயசுப் புள்ளை யார் வீட்லயாவது இருந்தா சொல்லுங்க.