கறுப்பு வண்டியில சிலந்தி வலைக் கோடு: உப்புக் காத்து ஊர்ல பாலிஷ் போடலாமா?

மண்டபம்_கறுப்பு:
கறுப்பு ஹேட்ச்பேக், 3 வருசம் ஆச்சு. நிறுத்துறது கடல்லேர்ந்து 300 மீட்டருக்குள்ள. மேல ஷீட் இருக்கு, சுத்துச் சுவர் கிடையாது. தெருவிளக்குக்குக் கீழ நின்னா பானெட் முழுக்க வட்ட வட்டமா மெல்லிய கோடு தெரியுது, நகத்தால தடவினா தட்டுப்படல. கூரையிலயும் கண்ணாடியிலயும் வெள்ளைப் பொட்டு, ஷாம்பூ போட்டுக் கழுவியும் போகல. வீட்டு போர் தண்ணி டிடிஎஸ் 2100. தினமும் காலைல பனியன் துணியால துடைக்கிறேன், ஞாயித்துக்கிழமை ஒரு வாளி ஷாம்பூ. வாட்டர் வாஷ் கடையில "ரப்பிங் போட்டு மெஷின் அடிச்சா புதுசா ஆயிரும்"ங்கிறாங்க. அடிக்கலாமா? நானே செய்யணும்னா என்ன வாங்கணும், எந்த வரிசையில செய்யணும்?

கீழக்கரை_பாலிஷ்:
ரப்பிங் (சொரசொரப்பான காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கிறது) வேணாம் தம்பி, இப்போதைக்கு.

அந்தக் கோடு உண்மையில வட்டமே கிடையாது. தாறுமாறா ஓடுற கீறல்கள்ல விளக்குக்குக் குறுக்கா விழுறது மட்டும் மினுங்கும், அதான் வட்டமாத் தெரியுது. தலையை நகட்டிப் பாருங்க, வட்டமும் கூடவே நகரும். நகத்துல தட்டுப்படாததால கீறல் கிளியர் கோட்டோட (நிறத்துக்கு மேல அடிக்கிற நிறமில்லாப் பூச்சு) மேல்பரப்புலதான் இருக்கு, எடுத்துரலாம்.

காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க: காலைத் துடைப்பு. நம்ம பக்கம் வண்டி மேல படியிறது வெறும் தூசி இல்ல. உப்பு காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும், ராத்திரிப் பனியும் சேர்ந்து மணலோட குழைஞ்சு ஒட்டிக்கும். மணல் குவார்ட்ஸ், கிளியர் கோட்டைவிட ரொம்பக் கடினம். அதைத் துணியால அழுத்தித் தேய்க்கிறது உப்புக் காகிதம் போடுற மாதிரிதான். ஆடியில கச்சான் காத்து வீசுறப்ப ஒரே ராத்திரியில அவ்வளவு படியும். துடைப்பை நிறுத்தாம பாலிஷ் போட்டா ரெண்டே மாசத்துல திரும்பக் கோடு வந்துரும்.

கிளியர் கோட் சாதாரணமா 35-லேர்ந்து 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. ஃபினிஷிங் பாலிஷ் (ரொம்ப மென்மையான பாலிஷ்) ஒரு தடவைக்குச் சுமார் ஒரு மைக்ரான் எடுக்கும், ரப்பிங் காம்பவுண்ட் அதைப் போல சில மடங்கு. எடுத்தது திரும்ப வளராது. வெயிலைத் தாங்குற சரக்கும் அதுக்குள்ளதான் இருக்கு, அது போச்சுன்னா கூரையும் பானெட்டும் வெளுத்து உரியும். கடையில வச்சிருக்கிறது பெரும்பாலும் ரோட்டரி மெஷின். ஒரே அச்சுல சுத்தி ஒரே இடத்துல சூடேத்தும், பழகாத கை அடிச்சா ஓரத்துல பெயின்ட் எரிஞ்சு அடிப்பூச்சு வெளிய வந்துரும். எரியாட்டியும் வெயில்ல வானவில் மாதிரி நிழல் கோடு விழும். எண்ணெய்ப் பசை உள்ள சரக்கால அதை மூடித்தான் கையில குடுப்பாங்க, நாலு வாஷ்ல வெளிய வந்துரும்.

பாம்பன்_ரெண்டுவாளி:
கழுவுற முறையை நான் சொல்றேன், பாலிஷைக் கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்லட்டும்.

முதல்ல வண்டியைத் தொடாம தண்ணி மட்டும் அடிங்க. பிரஷர் வாஷர் இருந்தா நல்லது, இல்லாட்டி ஹோஸ் போதும். கூரையில ஆரம்பிச்சு கீழ வரைக்கும் 4, 5 நிமிசம். தனுஷ்கோடி போயிட்டு வந்த வண்டின்னா வீல் ஆர்ச், கதவுக்கு அடியில உள்ள விளிம்பு, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடின்னு தேடித் தேடி அடிக்கணும், மணல் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

வாளி ரெண்டு, 15 லிட்டர். ஒண்ணுல கார் ஷாம்பூ கலந்த தண்ணி (பாட்டில்ல போட்ட அளவு, பெரும்பாலும் 10 லிட்டருக்கு 20-30 மி.லி.), இன்னொண்ணுல வெறும் தண்ணி. ரெண்டுலயும் அடியில கிரிட் கார்டுன்னு ஒரு பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு போடுங்க. மைக்ரோஃபைபர் கையுறையைச் ஷாம்பூ வாளியில முக்கி ஒரு பேனல் கழுவினதும் வெறும் தண்ணி வாளியில அந்தத் தட்டு மேல தேய்ச்சு அலசி, பிழிஞ்சு, அப்புறம்தான் திரும்பச் ஷாம்பூ. முடிச்சிட்டு வெறும் தண்ணி வாளிக்குள்ள எட்டிப் பாருங்க, நறநறன்னு மணல் கிடக்கும். ஒரு வாளியில கழுவினப்ப அவ்வளவும் பானெட் மேலதான் தேய்ஞ்சிருக்கு.

கை நேர்க்கோட்டுல போகணும், அழுத்தக் கூடாது. கதவோட கீழ் பாதி, பம்பர், சக்கரம் எல்லாம் கடைசி, அதுக்குத் தனிக் கையுறை. கையுறை தரையில விழுந்தா அன்னைக்கு அதைத் தொடாதீங்க. பாத்திரம் தேய்க்கிற சோப்பு வேணாம், வழுக்கல் பத்தாது.

தொண்டி_தண்ணி:
பாத்திர சோப்பு விஷயத்துல கொஞ்சம் மாறுபடுறேன்ணே. பாலிஷுக்கு முன்னாடி பழைய வாக்ஸை எடுக்க ஒரே ஒரு தடவை போட்டா பெயின்ட் செத்துராது. வாராவாரம்தான் கூடாது.

ஆனா பெரிய தப்பு தண்ணியிலதான் இருக்கு. டிடிஎஸ் 2100ன்னா லிட்டருக்கு 2.1 கிராம் உப்பும் சுண்ணாம்பும். கழுவி முடிச்ச வண்டி மேல அரை லிட்டர் தண்ணி நின்னு காய்ஞ்சா ஒரு கிராம் அப்படியே தங்கிரும். அதான் அந்த வெள்ளைப் பொட்டு. போர் தண்ணியில கழுவலாம், காய விடக் கூடாது. கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணி. தோட்டத்துக்குத் தெளிக்கிற 5 லிட்டர் ஸ்பிரேயர் புதுசா ஒண்ணு வாங்குங்க (மருந்து அடிச்சதை எடுத்துராதீங்க), 6, 7 லிட்டர்ல சின்ன வண்டி முடிஞ்சிரும். காவிரிக் குழாய் தண்ணி வர்ற வீடுன்னா அதையே வைக்கலாம், ஆனா நம்ம மாவட்டத்துல குடிக்கிற தண்ணியில வண்டி கழுவுறதைப் பார்த்தா தெருவே திட்டும்.

உடனே 800 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம், அதாவது நல்ல தடிமன்) டவலை விரிச்சு வச்சு மெதுவா இழுங்க, தேய்க்க வேணாம். வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும், பானெட் கையில சுட்டா ஆரம்பிக்கவே கூடாது.

இருக்கிற பொட்டுக்கு: வெள்ளை வினிகர் ஒரு பங்கு, கேன் தண்ணி ஒரு பங்கு. குளிர்ந்த பேனல்ல துணியை நனைச்சு ஒரு நிமிசம் போட்டு, துடைச்சு, நிறையத் தண்ணி விட்டு அலசுங்க. போனா மேல படிஞ்ச பொட்டு. நடுவுல குழி மாதிரி நின்னா கிளியர் கோட்டையே அரிச்சிருக்கு, அது பாலிஷ்லதான் குறையும்.

கீழக்கரை_பாலிஷ்:
இனி பாலிஷ்.

கழுவி முடிச்ச பெயின்ட் மேல பிளாஸ்டிக் கவரைக் கையில மாட்டிக்கிட்டுத் தடவுங்க. சொரசொரன்னு இருந்தா கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி) போடணும். 100 கிராம் கட்டியில பாதியைத் தட்டையாக்கி, தண்ணியில கொஞ்சம் ஷாம்பூ கலந்து அடிச்சுக்கிட்டே நேரா இழுங்க. அழுக்கானா மடிச்சுப் புதுப்பக்கம். கீழ விழுந்துச்சா, யோசிக்காம குப்பையில போடுங்க.

மெஷின்: டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர், 5 இஞ்ச் தட்டு. சுத்திக்கிட்டே ஆடுறதால ஒரே இடத்துல சூடேறாது, புதுக் கைக்கு அதான் பத்திரம். மென்மையான ஃபோம் பேட் 4, நடுத்தரம் 2, ஃபினிஷிங் பாலிஷ் 250 மி.லி., மீடியம் கட் பாலிஷ் (அதைவிடக் கொஞ்சம் கூடுதலாத் தேய்க்கிறது) ஒண்ணு, 350 ஜிஎஸ்எம் துணி 10. ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், பானெட் விளிம்பு எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. விளிம்புலதான் பெயின்ட் மெல்லிசு.

உங்க ஷெட்டுக்குச் சுவர் இல்லாததால காத்து வர்ற பக்கம் தார்ப்பாய் கட்டி, தரையை நனைச்சிருங்க. ஃபேன் போடாதீங்க, மணலைத் தூக்கி பேட்டுக்கு அடியில போட்டுரும்.

வண்டி முழுக்கப் பாயாதீங்க. பானெட்ல ரெண்டடிக்கு ரெண்டடி இடத்தைக் குறிச்சு, மென்மையான பேட்ல பட்டாணி அளவு 4 பொட்டு ஃபினிஷிங் பாலிஷ். வேகம் 1-ல பூசி, அப்புறம் 4 அல்லது 5. கை நொடிக்கு ஒரு இஞ்ச், ஒரு வரிசை மேல அடுத்த வரிசை பாதி ஏறணும், குறுக்கும் நெடுக்குமா 4 தடவை. மெஷினோட எடைக்கு மேல லேசா அழுத்தினாப் போதும். தட்டோட முதுகுல மார்க்கரால ஒரு கோடு போட்டு வைங்க. ஓடுறப்ப அந்தக் கோடு சுத்துறது தெரியணும். நின்னுபோச்சுன்னா ரொம்ப அழுத்துறீங்க, இல்ல பேட் சாய்ஞ்சிருக்கு, கீறல் போகாது.

70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணி நாலு பங்கு கலந்து துடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. துடைக்காமப் பார்த்தா எண்ணெய்ப் பசை உங்களையே ஏமாத்தும். 10-ல 8 கோடு போயிருந்தா அதே கூட்டணியில முழு வண்டியும். போகலேன்னா பேட்டை மட்டும் நடுத்தரமாக்குங்க, அதுக்கப்புறம்தான் சரக்கை மாத்துறது. ஒவ்வொரு இடம் முடிஞ்சதும் பேட்டை பிரஷால சுத்தம் பண்ணணும். நம்ம சூட்டுல பாலிஷ் சீக்கிரம் காய்ஞ்சு தூளாகும், அப்ப இடத்தைச் சின்னதாக்குங்க, சரக்கை அள்ளிப் போடாதீங்க. முன்னாடியே டச்சப் அடிச்ச பேனல் இருந்தா ஒரு தடவையோட நிறுத்திக்குங்க. பேட்ல கறுப்பு ஒட்டினா அங்க கிளியர் கோட் இல்ல, உடனே நிறுத்துங்க.

முடிஞ்சதும் சீலண்ட் (பெயின்ட் மேல பூசுற பாதுகாப்புப் பூச்சு). வாக்ஸ் நம்ம வெயில்ல ரெண்டு மாசம் தாங்கினாலே பெருசு, சீலண்ட் 4, 5 மாசம் போகும். செராமிக் கோட்டிங் போட்டாலும் மணலால விழுற கீறல் நிக்காது.

மண்டபம்_கறுப்பு:
நன்றி காக்கா. அப்ப தினமும் காலைல படியிற உப்புக்கு என்னதான் பண்றது? அப்படியே விடவும் மனசு வரல. இன்னொண்ணு, பின் கதவுக் கைப்பிடிக்கு அடியில ரெண்டு கோடு நகத்துல தட்டுது.

கீழக்கரை_பாலிஷ்:
காலைல கண்ணாடிக்கு மட்டும் தண்ணி ஊத்தி வைப்பர் போடுங்க. பெயின்ட்டைத் தொடாதீங்க. கச்சான் மாசத்துல வாரம் ரெண்டு தடவை ஹோஸ் அடிச்சு, மேல கேன் தண்ணி தெளிச்சு, டவலை விரிச்சு இழுத்தாப் போதும்.

கைப்பிடிக் கோட்டைப் பாலிஷ்ல துரத்தாதீங்க. அதை முழுசா எடுக்கணும்னா சுத்தி உள்ள கிளியர் கோட்டையும் அந்த ஆழத்துக்கு இறக்கணும். ஓரத்தை லேசா மழுங்கடிச்சு விட்டுருங்க, ரெண்டடி தள்ளி நின்னா தெரியாது. அந்தப் பனியன் துணியை இன்ஜின் ரூமுக்கு வச்சுக்கலாம்.