தீ அணைந்த பிறகும் புகைந்த பட்டமரம்

பெங்களூர் பன்னேர்கட்டா சாலையிலிருந்து ஒருவர் எழுதியது:

2019 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காடு எரிந்தபோது பெங்களூரிலிருந்து உதவிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் ஊற்றியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கீழே எங்கள் கையில் இருந்தது பச்சைத் தழைதான். அதால் அடித்து அடித்துத்தான் நெருப்பை அணைத்தோம்.

நான் சொல்ல வந்தது மறுநாள் நடந்தது. கருகிய தரையில் ஒரு பட்டமரம், அடியில் புகை. மேலே இரண்டு செந்தலைக் கிளிகள் கத்திக்கொண்டே சுற்றின. கூட வந்த உள்ளூர் வனக்காவலர் (வாட்சர்) அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொந்துக்குள்ள குஞ்சு இருக்கு" என்றார்.

அந்தப் பக்கத்து இலையுதிர் காட்டில் தீ பெரும்பாலும் தரையோடுதான் ஓடும். அதனால் மரத்தின் மேலே இருக்கும் கூட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். உள்ளே உளுத்த பட்டமரம் அப்படியில்லை. வேர்ப்பக்கம் பொறி விழுந்தால் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்று, புகைபோக்கி மாதிரி சூட்டை மேலே இழுக்கும். கிளிகள் குஞ்சு பொரிப்பதும் சரியாக இந்தக் கோடைத் தொடக்கத்தில்தான். குஞ்சுக்கு இறகு முளைத்துப் பறக்க ஆறேழு வாரம் ஆகும்.

கேனில் இருந்த தண்ணீர் போதவில்லை. அப்புறம் மண்ணை அள்ளி அள்ளி அடிப்பொந்தில் திணித்தோம். புகை நின்றது. தள்ளிப்போய் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்துத் தாய்க்கிளி பொந்து விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே தலையை விட்டது. குஞ்சுகளின் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கனகபுரா சாலையிலிருந்து வந்த பதில்:

அண்ணா, படித்ததும் பெங்களூர் ஓரத்தில் இருக்கும் எங்கள் துரஹள்ளிக் காடு ஞாபகம் வந்தது. போன மார்ச்சில் காலை நடைக்குப் போனபோது பாறைக்குப் பின்னால் காய்ந்த புல் பற்றி எரிந்தது. கர்நாடக வனத்துறை உதவி எண் 1926க்கு அடித்துச் சொன்னேன், ஆட்கள் வந்து அணைத்தார்கள். எரிந்த இடத்தைச் சுற்றி பாட்டிலும் சிகரெட் துண்டும் கிடந்தன.

நீங்கள் எழுதியதைச் சொன்னபோது, "கிளிதான் ஊரெல்லாம் இருக்கே" என்றார் அம்மா. ஊருக்குள் பறப்பது செந்தார்ப் பைங்கிளி, நீங்கள் பார்த்த செந்தலைக் கிளி வேறு வகை. இன்னொரு வகையான, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி அழிவை நெருங்கும் இனம். கூட்டிலிருந்து குஞ்சைத் திருடி விற்பது ஒரு பக்கம், பொந்துள்ள பழைய மரங்கள் போவது இன்னொரு பக்கம். அப்படி ஒரு மரம் எரிந்தால் அதே மாதிரி இன்னொன்று நம் ஆயுசுக்குள் வராது.

அடுத்த கோடைக்கு முன் எங்காவது தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய பட்டை) வெட்ட ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள் அண்ணா, நானும் தங்கையும் வருகிறோம்.