அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறதா?

கேள்வி: பொருநைக்கரையான்

என் தங்கை அடுத்த மாதம் குடும்பத்துடன் டெக்சாஸில் குடியேறுகிறாள். அமெரிக்காவில் ஆட்களைவிடத் துப்பாக்கிகளே அதிகம் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. அப்படியென்றால் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறது என்றுதானே பொருள்? எல்லோரும் வைத்திருப்பதால்தான் அங்கே கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நிறைவேறாமல் போகின்றனவா?

பதில்: கணக்கப்பிள்ளை

எண்ணிக்கை சரிதான், அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. ஜெனீவாவிலிருந்து இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2017ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டபடி, அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள், அதாவது நூறு பேருக்கு 120 இருக்கின்றன. ஆனால் பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, தம்மிடம் துப்பாக்கி உண்டு என்று சொன்ன பெரியவர்கள் 32 சதவீதம்தான். வீட்டில் வேறு யாரிடமாவது இருப்பதாகச் சொன்னவர்களைச் சேர்த்தாலும் பத்தில் நான்கு பேரே. மிச்சக் கணக்கை ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 2015இல் எடுத்த ஆய்வு விளக்குகிறது: பெரியவர்களில் வெறும் 3 சதவீதத்தினரே, ஆளுக்குச் சராசரியாக 17 வீதம், நாட்டின் துப்பாக்கிகளில் பாதியை வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் நஞ்சையைத் தலைக்கு வகுத்தால் நானும் மிராசுதார்தான்.

பதில்: ஹூஸ்டன்வாசி

பதினொரு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். என் அலுவலக நண்பர் மான் வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கிகளை இரும்புப் பெட்டகத்திலும் தோட்டாக்களைத் தனியாக வேறொரு பெட்டியிலும் பூட்டி வைத்திருப்பவர். கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்பி, வாங்குகிறவருக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனைக்குக் காத்திருந்த தமக்கு, தனியாரிடம் வாங்குகிறவருக்கு மட்டும் கூட்டரசுச் சட்டத்தில் அந்தச் சோதனை இல்லாதிருப்பது நியாயமாகப் படவில்லை என்பார். அவர் விதிவிலக்கல்லர். பியூவின் 2017 ஆய்வில், தனியார் விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்றவர்கள் துப்பாக்கி உடையவர்களிலேயே 77 சதவீதம். சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பின் 2013 ஏப்ரலில் இதற்கான மசோதா நூறு உறுப்பினர் கொண்ட செனட்டுக்கு வந்தபோது 54 பேர் ஆதரித்தும், 60 தேவை என்ற அவை விதியால் அது வீழ்ந்தது. அதை மக்களின் எதிர்ப்பு என்று எப்படிச் சொல்வது?

பதில்: மேற்குமாசிவீதி

முந்தைய பதிலை முழுமையாக ஏற்க முடியவில்லை. மெய்ன் மாநிலத்தில் 2016இல் இதே தனியார் விற்பனைச் சோதனையை நேரடி மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டபோது, சிறிய வித்தியாசத்தில் தோற்றது. கருத்துக்கணிப்பில் தலையாட்டுவது வேறு, வாக்குச்சீட்டில் குத்துவது வேறு. போர்முனைப் பாணித் துப்பாக்கிகளைத் தடைசெய்வது பற்றியோ, உடையவர்களும் இல்லாதவர்களும் எதிரெதிர்த் திசையில்தான் நிற்கிறார்கள்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு சொல். 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தற்கொலை செய்துகொண்டவர்கள். தொலைக்காட்சியில் பார்த்து நாம் அஞ்சுவது தெருவில் வரும் அந்நியனை. ஆபத்து பெரும்பாலும் பூட்டாத மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆகவே குழந்தை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி உண்டா, உண்டென்றால் பூட்டியிருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கும்படி தங்கையிடம் சொல்லுங்கள். அங்கே பெற்றோர் கேட்கிற கேள்விதான்.

பொருநைக்கரையான்

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவிடம் பொறுமையாக விளக்கினேன். அந்தப் பதினேழு வைத்திருப்பவர் தங்கையின் தெருவில் இருக்கிறாரா என்று கேட்கிறார்.