புதுப்பிப்பு: டுவிங்கெல்டர்வெல்ட்டில் ஒரே நாளில் நடையும் சைக்கிளும்

நெதர்லாந்தின் டிரெந்தே மாகாணத்தில் உள்ள டுவிங்கெல்டர்வெல்ட் என்ற ஈரமான புதர்வெளியில், போனில் சிக்னலை நம்பாமல் ஒரே நாளில் சைக்கிளும் ஓட்டி நடக்கவும் முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது எண் சந்திப்பு யோசனைதான். சைக்கிள் பாதைகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் பலகையில் ஒரு எண் இருக்கும்; அடுத்த எண்களுக்கு அம்புக்குறி காட்டும். போக வேண்டிய எண்களை வரிசையாகத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டினேன். போனை எடுக்கவே இல்லை. நடைப்பாதைக்குத் தனி எண்கள் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெய்லன் ஸ்டேஷனில் இறங்கி ஸ்பீர் கிராமம் வழியாகப் போகச் சொன்னதும் சரியாக இருந்தது. டுவிங்கலோ கிராமத்துப் பக்கம் 1956-இல் திறந்த 25 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி வெட்டவெளியின் ஓரமாகவே நிற்கிறது. சைக்கிளைப் பூட்டிவிட்டு அங்கிருந்து நடந்தேன்.

எதிர்பாராதது தண்ணீர். சைக்கிள் பாதை காய்ந்து கிடந்தது, நடைப்பாதையில் கணுக்கால் வரை ஈரம். ரப்பர் பூட்ஸ் அவசியம். உண்ணிக்குப் பயந்து பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

பூவுக்காகப் போகிறவர்களுக்கு: ஈரத் தரையில் வளரும் ஹீத்தர் (குட்டையான பூப்புதர்) ஜூன், ஜூலையிலேயே பூக்கத் தொடங்கிவிடும், காய்ந்த மேட்டில் வளர்வது ஆகஸ்ட்டில்தான் ஊதாவாகும்.