ஒன்பது நாளாக நிற்காத உதிரப்போக்கு: யுனானி மாத்திரையை நம்பலாமா?

தேயிலைக்காரி (கோத்தகிரி):
என் நாத்தனாருக்கு மாதவிலக்கு ஒன்பது நாளாகியும் நிற்கவில்லை. தோட்டத்தில் இலை பறிக்கிறவள். கூடையோடு மேடு ஏறினால் கண் இருட்டுகிறது என்கிறாள். ஊட்டியில் ஒரு ஹக்கீம் (யுனானி வைத்தியர்) காவி நிற மாத்திரையும் மாதுளம்பூப் பொடியும் கொடுத்தார். கொடுக்கலாமா?

ஹக்கீம் பேரன் (கூடலூர்):
தாராளமாக. யுனானியில் இதற்குக் கஸ்ரத்தே தம்ஸ் என்று பெயர். உடம்பு உதிரத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் தளர்ந்தாலோ, பித்தம் மிகுந்து இரத்தம் நீர்த்தாலோ பெருக்கெடுக்கும் என்பது கணக்கு. அதனால்தான் துவர்ப்புச் சரக்குகள்: மாசிக்காய், மாதுளம்பூ, மாக்கல், காவிக்கல், தம்முல் அக்வைன். கடைசியாகச் சொன்னது சொகோத்ரா தீவு மரத்தின் சிவப்புப் பிசின். 'இரு சகோதரர் இரத்தம்' என்று பொருள். என் தாத்தா காவிக்கல்லை அப்படியே கொடுக்க மாட்டார். இடித்துத் தண்ணீரில் கலக்குவார். மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் செந்நீரை மட்டும் வேறு சட்டியில் ஊற்றித் தெளியவைப்பார். அந்த வண்டல் காய்ந்தால் விரலில் மாவு போல ஒட்டும்.

வார்டு ஏழு (குன்னூர்):
இருபது வருடமாக நான் செவிலி. காவிக்கல்லின் அந்தச் சிவப்பு, இரும்பு ஆக்சைடுதான். எவ்வளவு நயமாகத் தெளியவைத்தாலும் அந்த இரும்பு உடம்பில் சேருவது சொற்பம். கஹ்ருபா (அம்பர்) என்ற, கல்லாக இறுகிய பழைய மரப்பிசினையும் சேர்ப்பார்கள். பாரசீகத்தில் 'துரும்பைக் கவர்வது' என்று அர்த்தம். தேய்த்தால் துரும்பை இழுக்கும். அதற்காக உதிரத்தையும் இழுத்துப் பிடித்துவிடுமா? ஏன் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே! கருப்பையில் நார்த்திசுக் கட்டியா, தைராய்டா, கரு கலைந்ததா? கண் இருட்டுகிறது என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். மணிக்கொரு துணி நனைந்தால் இன்றிரவே ஆஸ்பத்திரி.

ஹக்கீம் பேரன்:
பெயரை வைத்துக் கேலி வேண்டாம் அக்கா. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானிக் கல்லூரியே நடக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு ஸ்கேன் அறிக்கை படிக்கத் தெரியாதா?

வார்டு ஏழு:
தெரியும். இந்த ஹக்கீம் ஸ்கேனுக்கு அனுப்பினாரா? மார்புக்குக் கீழே உறிஞ்சு கிண்ணம் வைத்தால் உதிரம் நிற்கும் என்பதும் உங்கள் மரபுதான்; அதையும் செய்வீர்களா?

ஹக்கீம் பேரன்:
செய்கிறார்கள். தோலைக் கீறாத வெறும் கிண்ணம்.

பந்தலூர்வாசி:
நடுவில் ஒரு சொல். மாசிக்காயில் பாதிக்கு மேல் டானின் என்கிற துவர்ப்புச் சத்துதான். இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். நம் தேநீரும் அதே வேலையைச் செய்யும். நாத்தனார் நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறார்?

தேயிலைக்காரி:
ஏழு. சாப்பிட்ட கையோடு இரண்டு. இன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ஹீமோகுளோபின் 7.4தான், ரொம்பக் குறைவு. உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நாளை ஸ்கேன். ஹக்கீம் பொட்டலத்தையும் காட்டினேன். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதத்தில் ஒரு சரக்கின் பெயரும் இல்லை.

ஹக்கீம் பேரன்:
பெயரே எழுதவில்லையா? அப்படியென்றால் கொடுக்காதீர்கள். தாத்தா சின்னப் பொட்டலத்துக்கும் சீட்டு வைப்பார்.