ரஷ்ய மொழி வாத்தியார் ஆகணும்னு டார்ஃபெல் எழுதுறவங்க எங்க இடறுறாங்க? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

அரூர் செல்வி

டார்ஃபெல்னா வெளிநாட்டுக்காரங்களோட ரஷ்ய மொழித் திறமையைப் பாக்கிற தேர்வு, நிலை நிலையா இருக்கும். அதுல இரண்டாம் நிலை, பேச்சுத் தேர்வு, 9 முதல் 12 வரை உள்ள கேள்விகள். இதைப் பத்தி யாருமே பேசறதில்லை. வாக்கியத்தை எழுதியே கையில குடுத்துடுவாங்க. எந்த உணர்ச்சியோட, எந்த நோக்கத்துக்குச் சொல்றோமோ அதுக்கேத்த குரல்ல சொல்லணும், அவ்வளவுதான்.

பயிற்சித் தேர்வுல ஒரு பொண்ணு, இலக்கணத்துல கெட்டிக்காரி, "வீ பீலி வ் மஸ்க்வியே?"ன்னு வாசிச்சா. "மாஸ்கோவில் இருந்திருக்கீங்களா?"ன்னு கேக்கிறதா அவ நெனப்பு. எதிர்ல இருந்த ரஷ்ய அம்மா சாதாரணமா "இல்லை, பீட்டர்ஸ்பர்க்ல"ன்னு பதில் சொன்னாங்க. அந்தப் பதில் இன்னும் மனசுல உறுத்துது.

காரணம் இதுதான். தமிழ்ல கேள்வின்னா கடைசியில குரல் ஏறும். ரஷ்யத்துல, ஒலியியல் அறிஞர் பிரிஸ்குனோவா அம்மையார் வகுத்த ஏழு குரல்வடிவங்கள்ல மூணாவது இந்த மாதிரிக் கேள்விக்கு. எந்தச் சொல்லைக் கேக்கிறோமோ அந்தச் சொல்லோட அழுத்த அசையில குரல் சட்டுனு எகிறணும், அடுத்த அசையிலயே இறங்கிடணும். "பீ"யில ஏத்தினா "இருந்திருக்கீங்களா". "மஸ்க்வியே"ல ஏத்தினா "மாஸ்கோவிலா இருந்தீங்க". நாம "ஆ"வை எந்தச் சொல்லுல ஒட்டுறோமோ அங்கதான் அவங்க குரலை ஏத்துறாங்க. அதனால முதல்ல வாக்கியத்தைத் தமிழ்ல சொல்லிப் பாருங்க, "ஆ" எங்க விழுதுன்னு பாருங்க, அந்த ரஷ்யச் சொல்லுல மட்டும் ஏத்துங்க. வாக்கியக் கடைசியைத் தாழ்வாவே விடணும்.

தேன்கனிக்கோட்டை

செல்வியக்கா, குரல் ஏத்தமெல்லாம் சரிதான். காதுல அதுக்கு முன்னாடியே ஒண்ணு தவறுதே. கேட்டல் தேர்வு, 25 கேள்வி, 35 நிமிஷம். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும்.

அதுல "கோஸ்த்"னு ஒரு சொல் வருது. முதல் எழுத்தைக் கல், கண்ணுல வர்ற "க"வைப் போலச் சொன்னா எலும்பு. கங்கை, தங்கத்துல வர்ற "க"வைப் போலச் சொன்னா விருந்தாளி. தமிழ் மட்டுமே பேசற வீட்டுப் பிள்ளைங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே கேக்குது, ஏன்னா நம்ம எழுத்து ரெண்டையும் பிரிக்கிறதில்லை. எங்க பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசற வீட்டுப் பிள்ளைங்க இந்த இடத்துல தடுமாறுறதே இல்லை. கிருஷ்ணகிரியில உருது பேசறவங்களுக்கு "ஃஜ" மாதிரி அதிர்ற ஒலியும், தொண்டையில உரசுற "ஹ"வும்கூட முன்னாடியே கைவசம் இருக்கு.

எல்லாருக்குமே கஷ்டம் மென்மெய்தான், அதாவது நாக்கை "இ" நிலைக்கு ஏத்திச் சொல்ற மெய். "ஊகல்" கடைசி "ல்" தடிப்பா இருந்தா மூலை, நாக்கோட நடுப்பகுதி மேலண்ணத்துக்கு ஏறி மெலிஞ்சா நிலக்கரி. நம்ம "ல்" ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, அதனால எந்தப் பக்கமும் சரியாப் போகாது. தடிச்ச "ல்"லுக்கு நாக்கு நுனி மேல்பல்லுல படணும், நடுநாக்கு தாழணும், பின்நாக்கு கொஞ்சம் உயரணும். மெலிஞ்சதுக்கு "இ" சொல்ற நிலையில நாக்கை வச்சுக்கிட்டே "ல்" சொல்லணும். ஜோடி ஜோடியாச் சொல்லிப் பதிவு பண்ணி, வேற ஒருத்தர்கிட்ட குடுத்து எது எதுன்னு எழுதச் சொல்லுங்க. நம்ம குரலை நாமளே கேட்டா எல்லாம் சரியாத்தான் தெரியும்.

பாலக்கோடு மாணிக்கம்

ரெண்டு பேரும் ஒலியிலயே நிக்கிறீங்க. ஆள் விழறது இலக்கணத்துலதான். இரண்டாம் நிலையில 150 கேள்வி, 90 நிமிஷம். ஒரு கேள்விக்கு 36 விநாடி. யோசிச்சுப் போடுறவருக்கு நேரம் பத்தாது.

எனக்கு மறக்காதது ஜன்னல் கேள்வி. "க்தோ அத்க்ரீல் அக்னோ?"ன்னு கேட்டா ஜன்னல் இப்பவும் திறந்தே இருக்கு, இது நிறைவு வினை. "க்தோ அத்க்ரிவால் அக்னோ?"ன்னு கேட்டா யாரோ திறந்திருக்காங்க, மறுபடி மூடியும் ஆச்சு, அறை மட்டும் குளிருது, இது நிறைவில்லாத வினை. ரெண்டுக்கும் நாம "யாரு ஜன்னலைத் திறந்தது?"ன்னுதான் சொல்லுவோம். நிறைவு வினைன்னா "-விட்டேன்", நிறைவில்லாததுன்னா வெறும் "-தேன்"னு சொல்லிக் குடுக்கிறாங்க. அந்தச் சூத்திரத்தை நம்பி வந்தவங்க இங்கதான் விழறாங்க. அதைவிட நல்ல அளவுகோல் நம்மகிட்டயே இருக்கு. "அண்ணன் வந்திருக்கார்"னா ஆள் இன்னும் வீட்டுல, அங்க நிறைவு வினை. "அண்ணன் வந்துட்டுப் போனார்"னா ஆள் இல்லை, அங்க நிறைவில்லாத வினை. செஞ்சதோட பலன் இப்ப நிக்குதா, அழிஞ்சிடுச்சான்னு பாருங்க.

போற வினைகளும் அப்படித்தான். பாலக்கோட்டுல இருந்து இப்ப ஓசூருக்கு வண்டியில போய்க்கிட்டிருக்கேன்னா "யேது". தினமும் வேலைக்குப் போய்ட்டு வர்றேன்னா "யேஸ்ஜு". நடந்து போனா அதுக்குத் தனியா "இது", "ஹஜூ". நம்ம "போ" வண்டியா நடையான்னு கேக்கிறதில்லை, அதனால முதல் வடிகட்டி அதுதான். ரெண்டாவது வடிகட்டி, "போறேன்"னு சொல்லுவோமா, "போய்ட்டு வர்றேன்"னு சொல்லுவோமா. ரெண்டையும் கடந்தா பாதிக் கேள்வி தீர்ந்தது. பஸ்ஸோ ரயிலோ தானே ஓடறதைச் சொல்லும்போது "இத்யோத்"னும் வரும், அதைத் தப்புன்னு அடிச்சிடாதீங்க.

மதிப்பெண் கணக்கையும் தெரிஞ்சுக்குங்க. இலக்கணம், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சுன்னு அஞ்சு பகுதி. கூட்டிப் பாக்கிறதில்லை. ஒவ்வொண்ணுலயும் 66 சதவீதம் வேணும். ஒரே ஒரு பகுதியில மட்டும் 60க்குக் குறையாம இருந்தா விட்டுடுவாங்க. இலக்கணத்துல 150க்கு 99. பேச்சுல தொண்ணூறு சதவீதம் வாங்கி இலக்கணத்துல 58 வந்தா சான்றிதழ் கிடையாது. ஆனா எல்லாத்தையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. தேறினதுக்கு ஒரு சீட்டு தருவாங்க, அதை வச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள விட்டுப்போன பகுதியை மட்டும் எழுதலாம்.

ஊத்தங்கரை வாசகர்

மாணிக்கம் அண்ணே, இலக்கணம்தான் எல்லாம்னா வாத்தியார் வேலைக்கு நெட் தேர்வே போதுமே! யுஜிசி நெட்டுல ரஷ்யமும் ஒரு பாடம். ரெண்டு தாளும் சேத்து 150 கேள்வி, மூணு மணி நேரம், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கிறது. வாயைத் திறக்காம, ஒரு வரி எழுதாம கல்லூரி வாத்தியார் தகுதி வந்துடுது. டார்ஃபெல்லுக்கு உள்ள மரியாதையே பேச்சும் எழுத்தும் இருக்கிறதாலதான்.

நிலையையும் சேத்துச் சொல்லணும். முதல் நிலை, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோல்படி பி1, ரஷ்யப் பல்கலைக்கழகத்துல சேர. இரண்டாம் நிலை பி2. மொழியையே தொழிலா வச்சிருக்கிற மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் மாதிரி ஆட்களுக்கு மூணாம் நிலை. ரஷ்ய மொழியைக் கற்பிக்கவும் ஆராயவும் நாலாம் நிலை வரைக்கும் போகணும். சொல்வளம் மட்டுமே முதல் நிலையில சுமார் 2300, இரண்டாவதுல 10,000, மூணாவதுல 12,000, நாலாவதுல 20,000. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்தத் தாவலைப் பாருங்க. முதல் நிலை முடிச்ச கையோட ஆறே மாசத்துல இரண்டாவதுன்னு விளம்பரம் பண்றாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை.

நான் சொல்ல வந்தது பேச்சுத் தேர்வோட 14ஆவது கேள்வி. ஒரு விளம்பரத்தைக் குடுப்பாங்க, அந்த இடத்துக்குப் போன் பண்ணி விவரம் கேக்கணும். ஒருத்தர் வரிசையா அஞ்சு கேள்வி கேட்டார், அஞ்சுக்கும் பதில் விளம்பரத்துலயே இருந்தது. தேர்வாளர் பொறுமையா "அதுதான் எழுதியிருக்கே"ன்னு ஒவ்வொண்ணுக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க. விளம்பரத்துல இல்லாததைக் கேக்கிறதுதான் அங்க திறமை. ஒரு பயிற்சி வகுப்புன்னா வாரத்துக்கு எத்தனை நாள், குழுவுல எத்தனை பேர், புத்தகம் கட்டணத்துல சேத்தியா, நடுவுல நின்னா பணம் திரும்புமா. பதில் வந்ததும் அதை ஒட்டியே அடுத்த கேள்வி வரணும். மனப்பாடப் பட்டியலோட போனா ஒட்டாம நிக்கும்.

பர்கூர் பேனா

எழுத்துத் தேர்வைத் தொடாமலே விட்டுட்டீங்க எல்லாரும். இரண்டாம் நிலையில மூணு எழுத்து, 55 நிமிஷம். பரிந்துரைக் கடிதம் 50லிருந்து 70 சொல், அலுவல் எழுத்து அதே அளவு, நண்பருக்கு எழுதற கடிதம் 100லிருந்து 150.

அலுவல் எழுத்துல ஒரு விண்ணப்பம் பாத்தேன். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் மனுவை அப்படியே ரஷ்யத்துல எழுதின மாதிரி. அனுப்புநர் இடது பக்கம் மேலே, அப்புறம் பெறுநர், அப்புறம் "ஐயா", "பொருள்", பணிவான வணக்கம் ரெண்டு வரி. விஷயம் வர்றதுக்குள்ள சொல் கணக்கு முடிஞ்சது. ரஷ்ய விண்ணப்பத்துல வலது பக்கம் மேலே பெறுநர், நாலாம் வேற்றுமைக்குச் சமமான உருபோட. அதுக்குக் கீழே அனுப்புநர், "-இடமிருந்து"ங்கிற பொருள்ல. நடுவுல "ஸயவ்லேனியே"ங்கிற தலைப்பு. உடனே "ப்ரஷூ", அதாவது "கேட்டுக்கொள்கிறேன்". காரணம் ஒரே வாக்கியத்துல. கீழே தேதியும் கையெழுத்தும். வணக்கம் கிடையாது.

அடுத்தது வினையெச்சம். "வேலையை முடிச்சுட்டு அவர் வீட்டுக்குப் போனார்", இதை ரஷ்ய வினையெச்சத்தால அப்படியே எழுதலாம், தமிழ் ஆளுங்களுக்கு இது சுலபம். ஆபத்தும் அதுலயே இருக்கு. "மழை பெய்து குளம் நிறைஞ்சது"ன்னு நாம தயங்காமச் சொல்லுவோம். பெய்தது மழை, நிறைஞ்சது குளம், எழுவாய் ரெண்டு. ரஷ்யத்துல அது பிழை. வினையெச்சமும் முற்றும் ஒரே எழுவாய்க்குத்தான் போகணும். எழுவாய் மாறினா "கக்தா" ("அப்போது", "-போது"ங்கிற இணைப்புச் சொல்) போட்டு முழு வாக்கியமாப் பிரிச்சு எழுதிடணும். எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வினையெச்சத்துக்கும் "யாரு?"ன்னு கேட்டு, முற்றுக்கும் கேளுங்க. ரெண்டு பேர் வந்தா மாத்துங்க.

நமக்குச் சாதகமானதும் இருக்கு, பயந்துடாதீங்க. "எனக்குக் குளிருது", "எனக்கு வேணும்", "என்கிட்ட இருக்கு", "அவர் ஆசிரியர்", இந்த நாலு அமைப்பும் ரஷ்யத்துல கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஆங்கிலம் வழியாப் படிச்சவங்க தேவையில்லாம அதைச் சுத்திக்கிட்டு வர்றாங்க. நேரா தமிழ்ல இருந்து போங்க.

காரிமங்கலம் புதுசு

முதல் நிலைக்குத்தான் தயாராகிறேன். அகராதி எடுத்துட்டுப் போகலாமா?

பாலக்கோடு மாணிக்கம்

முதல் நிலையில வாசிப்புக்கும் எழுத்துக்கும் விடுவாங்கப்பா. இலக்கணத்துக்கும் கேட்டலுக்கும் கிடையாது. இலக்கணம் அங்க 165 கேள்வி, 60 நிமிஷம், அதனால இரண்டாம் நிலையைவிட வேகமா ஓடணும். ஊத்தங்கரைக்காரர் சொன்னதை மறுக்கல, பேச்சு முக்கியம்தான். ஆனா முதல் நிலை இலக்கணத்துல 66 சதவீதம்னா 109 வேணும்.

பர்கூர் பேனா

தம்பி, கையெழுத்தையும் பாத்துக்க. ரஷ்யக் கூட்டெழுத்துல "ல", "ம", "ஷ", "இ" எல்லாம் ஒரே வளைவாப் போகும். "ல"வுக்கும் "ம"வுக்கும் ஆரம்பத்துல ஒரு சின்னக் கொக்கி கட்டாயம். "ஷ"வுக்குக் கீழேயும் "த"வுக்கு மேலேயும் ஒரு கோடு போட்டுட்டா திருத்தறவங்களுக்குக் குழப்பம் வராது. முடிவெழுத்து புரியலைன்னா வேற்றுமை தப்புன்னு எடுத்துக்கிட்டு மார்க்கைக் குறைச்சிடுவாங்க.