பில் பாஸ் ஆகிப் பணம் போக 50 நாள் ஆகிறது, ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பீளமேடு_கணக்கு:
வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். காஸ்டிங் (உருக்கி வார்த்த பாகம்) கொடுக்கிறவர்களுக்குப் பணம் போய்ச் சேர எப்படியும் 50 நாள் ஆகிவிடுகிறது. போன வாரம் சின்ன ஃபவுண்டரிக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து, "ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும் சார், பில் எங்க இருக்குன்னாவது சொல்லுங்க" என்று கேட்டார். அது யார் மேஜையில் கிடக்கிறது என்று எனக்கே தெரியாததால் பதில் சொல்ல முடியவில்லை, ராத்திரி தூக்கமும் வரவில்லை. முதலாளி ஈ.ஆர்.பி. (பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் சாஃப்ட்வேர்) வாங்கலாம் என்கிறார். ஒரு பில் பாஸாக இப்போது வாங்க வேண்டிய ஏழு கையெழுத்தையும் அப்படியே சிஸ்டத்தில் ஏற்றித் தருவதாக விற்க வந்தவர் சொல்கிறார். செய்யலாமா?

ஸ்டோர்ஸ்_20வருஷம்:
அவசரப்படாதீங்க. முதலில் ஒரே ஒரு பில்லைப் பின்தொடர்ந்து பாருங்கள். நாங்கள் பில்லின் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பின் செய்து, யார் கைக்கு வந்தாலும் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதச் சொன்னோம். 19 நாள் கழித்து அந்தத் தாள் திரும்பி வந்தது. மொத்த வேலை 40 நிமிடம்கூட இல்லை, மிச்சமெல்லாம் ட்ரேயில் தூங்கியதுதான். அதில் 6 நாள் குவாலிட்டியில். சரக்கை அன்றைக்கே பார்த்துவிடுகிறார்கள், ரிப்போர்ட்டை மட்டும் சனிக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிறார்கள்! வந்த அன்றே ஜி.ஆர்.என்.னிலேயே (சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸில் போடும் சீட்டு) ஓ.கே. போடச் சொன்னோம், அந்த 6 நாள் அதோடு போச்சு. சாஃப்ட்வேர் எதுவும் வாங்கவில்லை.

ஓரகடம்_ஆள்:
இதே கதை 1980களில் ஃபோர்டு கார் கம்பெனியில் நடந்திருக்கிறது, மேனேஜ்மென்ட் நிபுணர் மைக்கேல் ஹாமர் 1990இல் விரிவாக எழுதினார். வட அமெரிக்காவில் சப்ளையர் பில் பார்க்க மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு 400 ஆக்கலாம் என்று முதலில் திட்டம். அப்புறம் ஜப்பான் கார் கம்பெனி மஸ்டாவைப் பார்த்தால் அங்கே அந்த வேலைக்கு 5 பேர். மஸ்டா சின்ன கம்பெனிதான், ஆனாலும் அந்த அளவு வித்தியாசத்துக்கு அது காரணமாகாது. பி.ஓ. (ஆர்டர் கொடுத்த சீட்டு), சரக்கு வந்த சீட்டு, பில் மூன்றையும் 14 விவரம் வைத்து ஒப்பிட்டு, ஒத்துவராததைத் தேடுவதிலேயே ஃபோர்டு ஆட்களின் நாள் போயிருக்கிறது. கடைசியில் பில்லையே எடுத்துவிட்டார்கள். சரக்கு இறங்கும் இடத்திலேயே பி.ஓ.வோடு ஒத்துப்போகிறதா என்று சிஸ்டத்தில் பார்ப்பார்கள், ஒத்தால் இறக்கு, பணம் தானாகப் போகும், இல்லையென்றால் லாரி திரும்ப வேண்டியதுதான். ஒப்பிட வேண்டியது 3 விவரமாகக் குறைந்தது, ஆட்கள் முக்கால்வாசி குறைந்தார்கள்.

நம் ஊரில் ஜி.எஸ்.டி. கிரெடிட் (சரக்கு வாங்கியபோது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழிப்பது) எடுக்க பில் கையில் இருந்தே ஆகணும், அதனால் பில்லை ஒழிக்க முடியாது. ஆனால் சரிபார்ப்பைச் சரக்கு வந்து இறங்கும் வாசலுக்கே கொண்டுவர எந்தத் தடையும் இல்லை.

தணிக்கை_மதுரை:
இன்னொன்று. அந்த ஃபவுண்டரிக்காரர் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவில் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் போயாகணும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் வருமான வரிச் சட்டப்படி, பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்.

கையெழுத்தைக் குறைக்கும்போது ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று கேட்டுவிட்டுக் குறையுங்கள். ஏதோ ஒரு திருட்டுக்குப் பிறகு வந்ததாகவும் இருக்கும்.

பீளமேடு_கணக்கு:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கே கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது கையெழுத்து, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போனபோது வந்ததாம், அது கையால் லெட்ஜர் எழுதிய காலம். இப்போது டேலி கணக்கு சாஃப்ட்வேரில் நாங்கள் வைத்திருக்கும் செட்டிங்படி, அதே பில் நம்பரை மறுபடி போட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும். ஐந்தாவது ஏன் என்று போடுகிறவருக்கே தெரியவில்லை. ஃபவுண்டரிக்காரரின் பில்லைத் தேடிப் பிடித்துவிட்டேன், பர்ச்சேஸ் மேஜையில் ஒரு கேட்லாக்குக்கு அடியில் கிடந்தது. வெள்ளைத்தாளைப் பின் செய்து நானே அடுத்த மேஜைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.